அஞ்சரை மணித் தண்ணி

உஸ்ஸ்ஸ் என்று கேட்கிறதா? பயப்படாதீர்கள் அம்மிணி, பாம்பு கீம்பு ஒன்றுமில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற குழாய்தான். காற்று வருகிறது. ஊராட்சிக் காலத்தில் காற்று வந்தால் ஐந்தே நிமிடத்தில் பின்னாலேயே தண்ணி வரும். இப்போது மாநகராட்சி அல்லவா? காற்றைத் தனியாக அனுப்பி வைக்கிறார்கள். அதற்கும் வரி உண்டா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள். வீட்டை அளக்க வந்தீர்கள், முன்னறையில் பாதி அளந்தீர்கள், டேப்லெட் அணைந்துவிட்டது. அது உங்கள் தப்பில்லை. காலையிலிருந்து முப்பது வீடு ஏறி இறங்கியிருக்கிறீர்கள், மிஷினுக்கும் அலுப்பு இருக்காதா? சார்ஜ் ஏற அரைமணி ஆகும். டீ போடலாம் என்றால் வீட்டுக்காரி இல்லை, கம்பெனிக்குப் போயிருக்கிறாள். நான் போட்ட டீயைக் குடித்தால் நீங்கள் வரியை இரண்டு மடங்காக எழுதிவிடுவீர்கள். தண்ணி குடியுங்கள். நேற்றுப் பிடித்தது, நல்ல தண்ணிதான்.

நீங்கள் வரும்போது தெருமுனையில் அங்கமுத்து என்று ஒருவர் ஏதாவது சொல்லியிருப்பாரே. என் பங்காளி. 'அந்த வீட்டை மட்டும் ரெண்டு தடவை அளங்க' என்று சொன்னாரா? சிரிக்கிறீர்கள். சொல்லியிருக்கிறார். இந்தத் தெருவில் என்னிடம் இப்போது யாரும் சரியாகப் பேசுவதில்லை அம்மிணி. மூன்று மாதமாகிறது. எதற்கு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் அதில் உங்கள் ஆபீசும் இருக்கிறது.

என் பெயர் சென்னியப்பன். உங்கள் பட்டியலில் சென்னியப்பன், மேலத் தெரு, முன்பக்கம் ஓடு, பின்பக்கம் கான்கிரீட் தார்சு என்று இருக்கும். அதில் இல்லாதது ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருசம் இந்த வேலங்காட்டூர் ஊராட்சிக்குத் தண்ணி விட்டவன் நான். டேங்க் ஆபரேட்டர். சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் சொல்லவில்லை. ஆனால் மரியாதை இருந்தது. ஊரில் ஏழு வால்வு, ஏழு குழி. நாலடி நீளத்தில் ஒரு சாவி, மேலே குறுக்குக் கம்பி, அடியில் சதுர வாய். குழிக்குள் விட்டு இடப்பக்கம் திருப்பினால் அந்தத் தெருவுக்குத் தண்ணி. அந்தச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு மொபெட்டில் போனால் எதிரில் வருகிறவன் யாராக இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டுவான். தலைவர் வையாபுரிகூட. கல்யாணப் பத்திரிகை வந்தால் பூசாரிக்கு அடுத்து எனக்குத்தான்.

டைம்டேபிள் வைத்திருந்தேன். காலை அஞ்சரைக்கு மேலத் தெரு. ஆறரைக்குக் கோயில் வீதி. இப்படியே வந்து கடைசியில் பத்து மணிக்கு அன்னை நகர். மேலத் தெருவுக்கு முதலில் விடுவது நான் அங்கே குடியிருப்பதால் என்று சொல்வார்கள். அது பொய். எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டரும் மேலத் தெருவுக்குத்தான் முதலில் விட்டார். அவர் என் அப்பா என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் செய்தேன். பதிவேடு எழுதினேன். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறந்தேன், எத்தனை மணிக்கு மூடினேன், எல்லாம் தேதி வாரியாக, ஒரு நாள் விடாமல். யாரும் எழுதச் சொல்லவில்லை. நான் பத்தாவதில் கணக்கில் போனவன் அம்மிணி. ஆனால் மோட்டார் ரூமில் மனுசன் எத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான்? படித்தேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஊராட்சிச் சட்டப் புத்தகத்தை முழுதாகப் படித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். எங்கள் ஊராட்சிச் செயலர் அதைக் கிழித்து வடை மடிக்க வைத்திருந்தார். நான் வாங்கி வந்தபோது அட்டையும் முதல் பதினாறு பக்கமும் வயிற்றுக்குள் போயிருந்தன. மிச்சத்தைப் பூராவும் படித்திருக்கிறேன். எங்கே கேட்டாலும் சொல்வேன், பதினேழாம் பக்கத்திலிருந்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் பேப்பரில் வந்தது, மாநகராட்சியைப் பெரிசாக்கப் போகிறார்கள், சுற்றியுள்ள ஊராட்சிகளை உள்ளே இழுக்கப் போகிறார்கள் என்று. எங்கள் பெயரும் இருந்தது. ஊர் கலங்கிவிட்டது. நூறு நாள் வேலை போய்விடும், அது பட்டணத்துக்குக் கிடையாது. வீட்டு வரி ஏறும். மாட்டுக் கொட்டகை போடப் பிளான் கேட்பார்கள். தலைவருக்கு இன்னொரு கவலை, காரின் முன்னால் வைத்திருந்த 'ஊராட்சித் தலைவர்' போர்டு. எனக்கு ஒரே கவலைதான். சாவி. உள்ளே இழுத்துவிட்டால் அவர்கள் ஆள் வருவான், அவர்கள் டைம்டேபிள் வரும். நான் யாராக இருப்பேன்?

ஊரே வேண்டாம் என்றபோது வேண்டும் என்று சொன்னது அன்னை நகர் மட்டும். பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சோளக்காட்டைப் பிளாட் போட்டு விற்ற லேஅவுட் அது. நூற்றெழுபது வீடு. எல்லாம் வெளியூர் சனம், பனியன் கம்பெனியில் தைக்கிறவர்கள். காலையில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போய் ராத்திரி கொட்டும். அதில் ரெஜினா என்று ஒரு பெண்பிள்ளை. தூத்துக்குடிப் பக்கம். புருசன் லாரி டிரைவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பாள்.

ஒருநாள் அவர்கள் வால்வைத் திறந்துகொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து நின்றாள். லீவு போட்டுவிட்டு நின்றிருக்கிறாள், அது எனக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, நாங்க காலையில ஏழரைக்கு வேன்ல ஏறிருதோம். நீங்க பத்து மணிக்குத் தண்ணி விடுதீய. பிடிக்க வீட்ல ஆள் வேணும்லா? அஞ்சரைக்கு விட்டீயன்னா எல்லாருக்கும் சௌரியமா இருக்கும். வாரத்துல ரெண்டு நா விட்டாக்கூடப் போதும்."

அஞ்சரை மேலத் தெருவுக்கு என்றேன். மேலத் தெருவில் எல்லாரும் வீட்டில்தானே இருக்கிறார்கள், பத்து மணிக்குப் பிடித்தால் ஆகாதா என்று கேட்டாள். கேட்கலாமா அம்மிணி, நீங்களே சொல்லுங்கள்? வந்து ஆறு வருசம் ஆன ஆள். நான் சொன்னேன், "அம்மா, கோயில்ல பூசை நேரத்தை மாத்தச் சொல்லுவீங்களா? அது மாதிரி இது." போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் மனு. 'எங்கள் பகுதியை மாநகராட்சியோடு இணைத்து முறையான குடிநீர் வழங்கக் கோரி' என்று. முறையான! இருபத்திரண்டு வருசம் ஒரு நாள் விடாமல் எழுதி வைத்து விட்ட தண்ணி முறையில்லையாம்.

அப்புறம்தான் கிராம சபை வந்தது. அக்டோபர் இரண்டாம் தேதி. இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் போட்டு அனுப்பினால் நிற்கும் என்று நான்தான் தலைவருக்குச் சொன்னேன். ஆனால் எங்கள் சனத்தொகைக்கு இருநூறு பேர் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தால்தான் சபை செல்லும். அது பதினேழாம் பக்கத்துக்கு அப்புறம் வருகிறது, எனக்குத் தெரியும். தலைவர் ஷாமியானா போட்டார். நானூறு பேருக்குத் தக்காளி சாதம். "சென்னியப்பா, நம்ம ஆளுக வந்துருவாங்க. அந்த லேஅவுட்டுக் கூட்டம் வந்து எந்திரிச்சுக் கத்துச்சுன்னா என்ன பண்றது?" என்றார். அன்று காந்தி ஜெயந்தி. கம்பெனி லீவு. நூற்றெழுபது வீடும் வந்து உட்கார்ந்தால் தீர்மானம் எங்கே நிற்கும்?

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

யோசனை சுத்தமான யோசனை அம்மிணி. இன்றைக்கும் அதில் ஒரு ஓட்டை சொல்ல முடியாது. கூட்டம் பதினொரு மணிக்கு. அன்னை நகருக்கு அதே பதினொரு மணிக்குத் தண்ணியைத் திறந்துவிட வேண்டும். ஆற்றுத் தண்ணி, ஃபுல் பிரஷரில், இரண்டு மணி நேரம். குடத்தை விட்டுவிட்டு எவன் கிராம சபைக்கு வருவான்? ஆனால் முந்தின நாள் தண்ணி பிடித்தவன் அடுத்த நாள் குழாயடிக்கு ஓடமாட்டானே. அதனால் கொஞ்ச நாள் முன்னாலேயே அந்த வால்வை மூடிவைத்தேன். கேட்டவர்களிடம் லைன் ரிப்பேர் என்றேன். பதினோரு நாள். முகத்தை அப்படி வைக்காதீர்கள். உப்புத் தண்ணி போர் இருக்கிறது, லாரி இருக்கிறது, யாரும் சாகவில்லை.

இரண்டு மணி நேரம் ஃபுல் பிரஷர் வேண்டுமென்றால் டேங்க் நிறைந்திருக்க வேண்டும். அதனால் அன்று காலை மற்ற ஆறு தெருவையும் மூடினேன். மேலத் தெருவையும் சேர்த்துத்தான். ஒரு நாள்தானே, சாயங்காலம் விட்டுக்கொள்ளலாம் என்று. மோட்டாரில் கோளாறு என்று செயலரிடம் சொல்லிவிட்டு, பத்தே முக்காலுக்கு அன்னை நகர் வால்வை முழுசாகத் திறந்தேன். பதினான்கு சுற்று. குழிக்குள் தண்ணி போகிற சத்தம் காலில் தெரிந்தது. அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டி. வீட்டுக்காரி சுலோச்சனா கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள்.

பதினொரு மணிக்கு நாற்பத்து மூன்று பேர்.

பதினொன்றே காலுக்கு நாற்பத்தாறு. அதில் மூன்று பேர் சமையல் ஆள்.

யூனியனிலிருந்து பார்வையாளராக வந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் திருப்தியாக உட்கார்ந்திருந்தேன், அன்னை நகரிலிருந்து ஒரு தலைகூட இல்லை அல்லவா. அப்புறம்தான் உறைத்தது, எங்கள் தலைகளும் இல்லை. தலைவர் பக்கத்தில் வந்து காதோடு கேட்டார், "நம்ம ஆளுக எங்கப்பா?"

வண்டியை எடுத்துக்கொண்டு மேலத் தெருவுக்கு வந்தேன். தெரு காலி. கதவெல்லாம் பூட்டு. திண்ணை மேல், வாசலில், எங்கேயும் ஒரு குடம் இல்லை. அங்கமுத்து மட்டும் வாசலில் நிற்கிறார். ஒரு கன்னம் மழமழவென்று இருக்கிறது, மறு கன்னம் முழுக்கச் சோப்பு நுரை, காய்ந்து உதிர்கிறது.

"வாடா ஆபரேட்டரு. இருந்த ஒரு செம்புத் தண்ணியில பாதி மூஞ்சி ஆச்சு. மிச்ச மூஞ்சிக்கு எங்க போறது?"

பொம்பிளைகள் எங்கே என்றேன்.

"விடியக் காலையில இருந்து குழாயைப் பாத்துட்டே நின்னாளுக. உங்கப்பன் காலத்துல இருந்து அஞ்சரைக்கு நின்னதே இல்லியே. மாநகராட்சிக்காரன் இப்பவே நம்ம தண்ணியை நிறுத்திப்போட்டான்னு ஒருத்தி சொன்னா. அன்னை நகர்ல ஆறாட்டம் வருதுன்னு இன்னொருத்தி சொன்னா. ஊரே குடத்தத் தூக்கிட்டு அங்க போயாச்சு. நூறு நாள் ஆளுக எல்லாம் சேத்தித்தான்."

இதைத்தான் நான் சொல்கிறேன் அம்மிணி. நம் சனங்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது. சாயங்காலம் விட்டிருப்பேனே! ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுக்க முடியவில்லை.

சாவியைத் தூக்கிக்கொண்டு அன்னை நகருக்குப் போனேன். வால்வை மூடினால் எல்லாரும் கிளம்பி வருவார்கள் என்று நினைப்பு. வால்வுக் குழியையும் அதை ஒட்டின பொதுக் குழாயையும் சுற்றி முன்னூறு குடம் இருக்கும். பச்சை, நீலம், ஆரஞ்சு. இரண்டு ஊர் சனமும் கலந்து நிற்கிறது. நடுவில் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ரெஜினா வரிசையை ஒழுங்குபடுத்துகிறாள். என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் தெரியுமா?

"ஊர்க்காரங்க முதல்ல பிடிக்கட்டும். அவங்களுக்கு மீட்டிங் இருக்கு, பாவம், போணும்லா."

பதினோரு நாள் தண்ணி பார்க்காத சனம் ஒதுங்கி நின்று வழி விடுகிறது. அப்போதாவது எங்கள் ஆட்கள் ஒரு குடம் பிடித்தோம், கிளம்பினோம் என்று வந்தார்களா? ஒவ்வொருத்தியும் மூன்று நடை. அத்தனை பேருக்கு நடுவில், வரிசையில் ஆறாவதாக, இரண்டு குடத்தோடு சுலோச்சனா நிற்கிறாள். என் வீட்டுக்காரி. ரெஜினா ஒரு குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிடுகிறாள். சுலோச்சனா திரும்பினாள், நான் சாவியோடு நிற்பதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குழியை மூட முடியவில்லை அம்மிணி. குடம் இருந்ததால்தான். சாவி போக இடமில்லை.

பன்னிரண்டரைக்கு அதிகாரி எழுதினார், போதிய உறுப்பினர் வராததால் சபை ஒத்திவைக்கப்பட்டது. எழுதி முடிக்கவும் அன்னை நகர் சனம் வந்து சேரவும் சரியாக இருந்தது. எல்லாரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். ஈரத் தலையோடு, பவுடர் போட்டுக்கொண்டு, கோயில் திருவிழாவுக்கு வருகிற மாதிரி. நூற்று நாற்பது கையெழுத்துப் போட்ட மனுவை அதிகாரி கையில் கொடுத்தார்கள். சாப்பாடு மீந்து கிடந்ததால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சமையல்காரரே கூப்பிட்டார். நானூறு பேருக்குச் செய்த தக்காளி சாதத்தையும் அவர்கள்தான் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் கம்மி என்று வேறு ஒருவன் சொன்னான்.

வீட்டுக்கு வந்தேன். சுலோச்சனா அண்டாவில் தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவங்களுக்குப் பதினோரு நாளாத் தண்ணி வரலியாமே. உங்களுக்குத் தெரியுமா?"

சாப்பாடு போடு என்றேன். போட்டாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சட்டப்படி பதில் சொல்லியிருப்பேன்.

ஒத்திவைத்த சபையைக் கூட்டுவதற்குள் அரசாணை வந்துவிட்டது. வேலங்காட்டூர் இனி மாநகராட்சியின் ஒரு வார்டு. செயலர் என்னைச் சமாதானப்படுத்தினார். தீர்மானம் பாஸாகியிருந்தாலும் சேர்த்திருப்பார்கள், பக்கத்தில் நாலு ஊரில் பாஸாகி நாலும் உள்ளே போய்விட்டது என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாலு ஊரிலும் தீர்மானத்தில் சட்டப்பிரிவைக் குறிப்பிடாமல் எழுதியிருந்தார்கள். நான் குறிப்பிட்டு எழுதி வைத்திருந்தேன்.

சாவியை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒரு பையன் மாதிரி இருக்கிற என்ஜினியர் வந்தார். நல்ல மனுசன், சார் போட்டுத்தான் பேசினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை ஜீப்பின் பின்னால் போட்டார். நீளம் அதிகம், கதவு சாத்தவில்லை. கயிறு கேட்டார். நான்தான் வீட்டிலிருந்து கயிறு எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தேன். முடிச்சு நன்றாகப் போட்டேன். பாதி வழியில் அவிழ்ந்து விழுந்துவிடக் கூடாதல்லவா.

இப்போது எனக்கு நைட் டூட்டி. மெயின் பம்பிங் ஸ்டேஷன். ராத்திரி பத்து முதல் காலை ஆறு. மோட்டார் தானாக ஓடும், வால்வு தானாகத் திறக்கும், எல்லாம் கம்ப்யூட்டர். அது திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும், அது நான். வருகைப் பதிவுக்கு முகம் பார்க்கிற மிஷின் வைத்திருக்கிறார்கள். பாதி நாள் 'முகம் தெரியவில்லை' என்று சொல்லிவிடும். ஒரு தடவை விளக்கடியில் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தலையைச் சீவி, கடைசியில் பல்லைக் காட்டினேன். அப்போதுதான் இது சென்னியப்பன் என்று ஒத்துக்கொண்டது. இந்த ஊரில் என்னைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அதுதான்.

சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்பதால் யோசனை நிறைய வருகிறது. அது ஒன்றுதான் கஷ்டம்.

சரி, தெரு ஏன் என்னோடு பேசவில்லை என்று சொல்ல வந்தேன். உங்கள் ஆபீஸில் தெருக்களை ஏ, பி, சி என்று பிரித்தீர்களே. வசதி அதிகமான தெருவுக்கு ஏ, வரியும் அதிகம். மேலத் தெருவுக்கு என்ன? ஏ. அன்னை நகருக்கு? சி. தார்சும் மாடியும் அங்கே இருக்கிறது, ஓட்டு வீடும் மாட்டுச் சாணியும் இங்கே இருக்கிறது, எப்படி சார் இது ஏ என்று அங்கமுத்து மண்டல ஆபீஸில் போய்ச் சண்டை போட்டார். அங்கே ஒரு அதிகாரி என் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருசம். மேலத் தெரு, காலை அஞ்சரை, தினமும், அந்த அக்டோபர் இரண்டாம் தேதி ஒன்று தவிர. 'இந்த மாவட்டத்திலேயே இப்படித் தண்ணி வந்த தெரு வேறு இல்லை, உங்களுக்கு ஏ போடாமல் யாருக்குப் போடுவது' என்று கேட்டிருக்கிறார்.

அங்கமுத்து நேரே என் வாசலுக்கு வந்தார். நான் நைட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். "உன்ற நோட்டைக் கொண்டுபோயிக் கெணத்துல போட்டிருக்கலாமில்லடா? தண்ணியும் குடுத்து, குடுத்தேன்னு எழுதியும் வெச்சு, இப்ப அதுக்கு நாங்க வரி கட்டோணுமா?" என்றார். அன்றிலிருந்து தெருவே முகம் கொடுப்பதில்லை. இத்தனை வருசம் முதல் தண்ணி குடித்தவர்கள்! ஆனால் ஒன்று. அந்த அதிகாரி சொன்னாராம், இணைத்த அத்தனை ஊராட்சியிலும் அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு இது ஒன்றுதான் என்று. அங்கமுத்து திட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்லித்தான் திட்டினார். மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கலாமா என்று இருந்தது.

இப்போது மேலத் தெருவுக்குத் தண்ணி எப்போது வருகிறது தெரியுமா? நாலு நாளுக்கு ஒரு தரம், பத்தே முக்காலுக்கு. நூறு நாள் வேலை நின்ற பிறகு சுலோச்சனா பனியன் கம்பெனிக்குப் போகிறாள். ஏழரைக்கு வேன். ரெஜினா பக்கத்து சீட். அவள்தான் சேர்த்துவிட்டாள். வேலைக்குப் போகிற பொம்பிளை பத்தே முக்காலுக்கு எப்படித் தண்ணி பிடிப்பாள்? நைட் டூட்டி பார்த்த மனுசன் தூங்காமல் குழாயடியில் உட்கார்ந்திருக்க முடியுமா? பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து போட்ட டைம்டேபிள். வீட்டில் ஆள் இருப்பார்களா என்று ஒருத்தராவது யோசித்திருக்கிறார்களா பாருங்கள்.

அஞ்சரை யாருக்கு என்று கேட்கிறீர்களா? அன்னை நகருக்கு.

போன மாதம் ஒருநாள் டூட்டி முடிந்து அந்த வழியாக வந்தேன். ஆறேகால் இருக்கும். நான் அந்தப் பக்கம் வருவதே இல்லை, அன்று மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். எல்லா வாசலிலும் குழாய் ஓடுகிறது. ரெஜினா கடைசிக் குடத்தை உள்ளே வைத்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீப்பைப் பிள்ளை தலையிலேயே சொருகிவிட்டு எழுந்து வந்தாள். வண்டியை நிறுத்தும்படி ஆயிற்று. பதினோரு நாள் விசயம் அவளுக்குத் தெரியாமல் இருக்காது, நடுரோட்டில் நாலு கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்றுகூட இருந்தது.

"அண்ணாச்சி, நேரத்த நீங்கதான சொல்லி மாத்தி விட்டிய? அன்னைக்கு நான் கேட்டத மனசுல வச்சிருந்திருக்கீய. சுலோச்சனாக்காட்டயும் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. நல்லா இருப்பீய."

நான் சொல்லவில்லை அம்மிணி. யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் ஏதோ வரிசையில் போட்டது. அந்த என்ஜினியருக்கு ரெஜினா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆமா என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவள் மறுபடி சடை பின்ன உட்கார்ந்துவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் போதும் என்றுதான் அன்றைக்குக் கேட்டாள். மேலத் தெருவை மூடிவிட்டு அங்கே திறக்க எத்தனை நேரம் ஆகும்? மொபெட்டில் நாலு நிமிடம். பதினான்கு சுற்று இந்தப் பக்கம், பதினான்கு சுற்று அந்தப் பக்கம். அவ்வளவுதான். பம்பிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து தினமும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். நாலு நிமிடத்துக்கு மேல் வரமாட்டேன் என்கிறது.

என்னுடைய இருபத்திரண்டு வருச சர்வீஸில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். நீங்கள் அந்தப் பக்கம் அளக்கப் போனால் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மிஷினில் விளக்கு வந்துவிட்டது பாருங்கள். இல்லை இல்லை, சங்கடம் ஒன்றுமில்லை, நான்தான் நிறையப் பேசிவிட்டேன். எங்கே விட்டோம்? முன்னறை, கிழக்குச் சுவர். டேப்பின் நுனியைக் கொடுங்கள், நான் இந்த மூலையில் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் அந்த பீரோவைத் தாண்டிப் போங்கள். பார்த்து, வாசற்படி உயரம். இன்னும் கொஞ்சம் இழுங்கள், தொய்கிறது. பதினொன்றே காலடி. சரிதான், எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது சமையல்கட்டு.